யாழ்ப்பாணத்தில் ஒருநாள் பறவை பார்க்க வழிகாட்டி வேண்டுமா, பண்ணைப் பாலம் போதாதா?

2024 நவம்பர் 9, ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி

தை மாதம் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறோம். மகனுக்குப் பதினொரு வயது, பறவைப் பைத்தியம். காலையிலிருந்து பின்னேரம் வரை வழிகாட்டியோடு போகிற பயணம் ஒன்று விசாரித்தேன், காசு கொஞ்சம் கூடத்தான். என் கணவரின் தம்பி சிரிக்கிறார்: "பண்ணைப் பாலத்தில ஓட்டோவை நிப்பாட்டினால் பூநாரை சும்மா நிக்கும், அதுக்கு ஒருத்தருக்குக் காசு குடுக்கிறதோ?" உண்மையா? நான் போட்டு வைத்திருக்கும் பட்டியல் இது: மண்டைதீவு, சரசாலை, தொண்டமானாறு, காரைநகர், சுண்டிக்குளம், முடிந்தால் நெடுந்தீவு. ஒருநாளில் முடிக்கலாமா?

நவம்பர் 9, இரவு

அக்கா, உங்கள் மச்சான் சொல்வது பாதி சரி. யாழ் நகரையும் தீவுப்பகுதியையும் இணைக்கும் பண்ணைப் பாலத்தில் நின்றால் வெள்ளைக் கொக்கு, சாம்பல் நாரை, நெடுங்கால் உள்ளான், மாரியில் தலை வெளுத்துக் காதடியில் மட்டும் கறுப்புப் புள்ளியோடு நிற்கும் கடற்காகம், சிவந்த தடித்த சொண்டோடு பெரிய ஆலா, மீன் சந்தைப் பக்கம் வட்டமிடும் செம்பருந்து எல்லாம் காசில்லாமல் கிடைக்கும்.

பூநாரை அப்படியில்லை. ஒரு கிழமை மண்டைதீவுப் பக்கம் கூட்டமாக நிற்கும். அடுத்த கிழமை போனால் ஒன்றும் இராது. ஆனையிறவுப் பக்கமோ சுண்டிக்குளத்திலோ மன்னாரிலோ நிற்கும். அது எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீரின் ஆழம்தான் தீர்மானிக்கிறது. எங்கள் கடல்நீரேரி பெரும்பாலும் முழங்கால், இடுப்பு ஆழத்தில் பரந்து கிடப்பது. வற்றுப்பெருக்கு இங்கே மிகக் குறைவு. ஆகவே வற்று நேரத்தை அட்டவணையில் பார்த்துவிட்டுப் போனால் பறவை நிற்கும் என்று இருக்க முடியாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எவ்வளவு மழை பெய்தது, இவைதான் கணக்கு. வாடைக்காற்று விடாமல் அடித்தால் ஒரு கரையில் சேறு வெளிக்கும், எதிர்க்கரையில் தண்ணீர் ஏறிவிடும். சேறு வெளித்த இடத்தில் சிறிய உள்ளான்கள், கணுக்கால் நீரில் மூக்கன்கள், அதற்கு அப்பால் பூநாரை. நேற்றுப் பின்னேரம் எந்தக் கரை வெளித்துக் கிடந்தது என்று தெரிந்த ஆளுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

பட்டியலில் பாதியை வெட்டுங்கள். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகு ஏறவேண்டும், அன்றைய நாள் அதோடு சரி. சுண்டிக்குளத்துக்குத் தனியாக ஒருநாள் வைக்கலாம். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 10

பண்ணைப் பாலத்துக்கு மட்டும் போகிறவர்களுக்கு ஒன்று. காலையில் வேலணையை நோக்கிப் போகும்போது உங்களுக்கு வலப்பக்கம் பாருங்கள். பின்னேரம் மண்டைதீவுப் பக்கம் பாருங்கள். மாற்றிப் பார்த்தால் வெயில் கண்ணில் அடிக்கும், எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். "கறுப்பு நாரை பார்த்தேன்" என்று படம் போடுகிறவர்களில் பலர் வெயிலைப் பார்த்தவர்கள்.

நவம்பர் 17

எங்களோடு வரும் வழிகாட்டி அண்ணை முன்னர் அராலிப் பக்கம் நீரேரியில் மீனுக்குச் சிறகுவலை வைத்தவர். அவர் ஒருநாள் பயணத்தை எப்படி நடத்துவார் என்று எழுதுகிறேன், நீங்கள் விசாரித்த பயணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விடிய முன்னம், ஐந்தே முக்கால் அளவில் புறப்பாடு. தை மாதம் சூரியன் ஆறரை அளவில் எழும்பும். அந்த நேரத்துக்கு முதல் இடத்தில் நின்றாக வேண்டும். கோப்பியும் பிஸ்கற்றும் வானுக்குள்ளேயே முடிந்துவிடும். முதல் இடம் எது என்பதை முதல்நாள் இரவுதான் சொல்வார். அது எங்களுக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் அதில்தான் அவருடைய கெட்டித்தனம். நாலைந்து பேருக்குக் கோல் எடுப்பார்: வலைக்காரர் ஒருவர், இறால் வாங்குகிறவர் ஒருவர், பாலத்தடியில் தூண்டில் போடும் வயோதிபர் ஒருவர். "அந்தப் பக்கம் தண்ணி எப்பிடி?" என்பதுதான் கேள்வி. பறவையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

வெளிச்சம் வந்ததும் தொலைநோக்கியை மூன்று காலில் நிறுத்தி ஒரே இடத்தில் ஒன்றரை மணித்தியாலம். வான் ஓடாது. முதல்தடவை வருகிறவர்கள் அரை மணித்தியாலத்தில் அலுத்துக் கைத்தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் ஏதாவது நடக்கும். தூரத்தில் தாராக் கூட்டம் எழும்பினால் மேலே வல்லூறு வந்துவிட்டது என்று அர்த்தம். ஊசிவால் தாராக்கள் எழும்பும்போது கழுத்தும் வாலும் நீண்டு ஒல்லியாகத் தெரியும், மற்றத் தாராக்களுக்கு அந்த உருவம் இல்லை.

ஒரு காலை அல்லைப்பிட்டிப் பக்கம் கரையோரமாக ஒரு கோட்டான் உள்ளான் நண்டு பிடித்தது. கீழ்நோக்கி வளைந்த நீளச் சொண்டை வளைக்குள் விட்டு, தலையைக் கொஞ்சம் சரித்து, வெளியே இழுத்தது. நண்டு பெரிது. அப்படியே விழுங்க முடியாது. ஒரு காலைப் பிடித்து உதறியது, கால் கழன்று போனது. கீழே விழுந்த நண்டை எடுத்து மற்றக் காலைப் பிடித்து உதறியது. இப்படியே ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, உடலைச் சொண்டின் நுனியில் வைத்து மேலே எறிந்து விழுங்கியது. அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. சுற்றி நின்ற சின்ன உப்புக்கொத்தி ஒன்று ஓடிவந்து கழன்ற கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. தொலைநோக்கியில் இதைப் பார்த்த கொழும்புக் கணக்காளர் ஒருவர் அன்று முழுக்க வேறு எதைப் பற்றியும் கதைக்கவில்லை.

ஒன்பதரைக்குப் பிறகு கானல் எழும்பிவிடும். தொலைநோக்கியில் அறுபது மடங்கு வைத்தாலும் எல்லாம் தண்ணீருக்குள் கரைந்த மாதிரி ஆடும். அப்போது தூரப் பார்வையை விட்டுவிட்டுக் கண்டல் பற்றைகள், பனங்கூடல், தரவை என்கிற புல்வெளிப் பக்கம் போகவேண்டும். பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஒன்றும் செய்வதற்கில்லை, பறவையும் நிழலில்தான் நிற்கும். சாப்பாடு, ஒரு சின்ன நித்திரை, பின்னேரம் மூன்றரைக்கு அடுத்த இடம். அடைய வரும் பறவைகளைப் பார்க்கக் கண்டல் பக்கம் நல்லது. சரசாலைக் குருவிக்காட்டை அதற்குத்தான் வைத்திருப்போம்.

ஆக ஒருநாளைக்கு இரண்டு இடம். மிஞ்சினால் மூன்று. ஏழு இடம் காட்டுகிறோம் என்று விளம்பரம் போடுகிறவர் உங்களுக்கு வீதியைக் காட்டுகிறார்.

நவம்பர் 28

மழை. இரண்டு நாளாக வெளியே இறங்கவில்லை. வல்லை வெளியில் தண்ணீர் தரவையோடு தரவையாகக் கலந்துவிட்டது, எது வீதி எது நீரேரி என்று தெரியவில்லை. அக்கா தனிச்செய்தியில் "பயணத்தை நிப்பாட்டவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இவ்வளவு தண்ணீர் நிற்கும்போது சேற்றுப் பறவைக்கு இடமில்லை, அது உண்மை. சிறிய உள்ளான்கள் வீதியோரத்திலும் வயல் வரம்பிலும் ஒதுங்கி நிற்கும். ஆனால் உப்புக் குறைந்த நீர் வந்தால் தாராவுக்குக் கொண்டாட்டம். தொண்டமானாற்று அணைக்கதவு திறந்து நீர் இறங்கத் தொடங்கினால் தை நடுவில் சேறும் வெளிக்கும்.

டிசம்பர் 4

கொக்குவில் தம்பி எழுதியிருக்கிறார்: "மெர்லின் ஆப் இருக்கு, சத்தத்தைக் கேட்டு அதுவே பெயர் சொல்லுது. வழிகாட்டி எதுக்கு?"

தம்பி, வளவுக்குள் அது நன்றாக வேலை செய்யும். செம்பகம், புலுனி, குக்குறுவான் எல்லாம் பிடித்துவிடும். நீரேரிக் கரையில் வாடைக்காற்று அடிக்கும்போது உங்கள் தொலைபேசி கேட்பது காற்றை மட்டும்தான். அதோடு மாரியில் வந்து நிற்கும் உள்ளான்களில் பாதி வாயே திறக்காது. சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, நீளக்கால் என்று பத்து வகை ஒரே மாதிரி நிற்கும். அதில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல அது நடக்கும் விதத்தைப் பார்க்கவேண்டும். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சடாரென்று நிற்கும், குனிந்து கொத்தும், திரும்ப ஓடும். மூக்கன் ஓடாது, நின்ற இடத்திலேயே சொண்டைச் சேற்றுக்குள் விட்டு ஊசி குத்துவதுபோல் குத்திக்கொண்டே இருக்கும். கரண்டிவாயன் தலையை இடமும் வலமும் வீசியபடி நடக்கும். வெள்ளையாகவும் கரும்சாம்பலாகவும் இரண்டு நிறத்தில் வரும் கரைக்கொக்கு ஓடி ஓடிச் சிறகை விரித்துக் குஞ்சுமீனை வெருட்டிப் பிடிக்கும். இதெல்லாம் ஒருவர் பக்கத்தில் நின்று "அதன் காலைப் பார்" என்று சொன்னால்தான் கண்ணில் படும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. முகமாலை, கிளாலிப் பக்கத்தில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் எந்தப் பறவையானாலும் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாத இடம் என்றாலும் ஊர்க்காரர் நடக்கும் பாதையில்தான் நடக்கவேண்டும். ஆப்பில் இது வராது.

டிசம்பர் 5

நேற்று எழுதியதோடு சேர்த்து வாசியுங்கள். வழிகாட்டி என்று வரும் எல்லோரும் தெரிந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. முன்பு ஒரு பயணத்தில் எங்களைக் கூட்டிப்போனவர் பவளக்கால் தெரிந்த எல்லாவற்றையும் "பூநாரைக் குஞ்சு" என்று சொல்லிக்கொண்டே போனார். நெடுங்கால் உள்ளானுக்கும் பூநாரைக்கும் இடையில் மூன்று அடியளவு உயர வித்தியாசம் இருக்கிறது ஐயா என்று சொல்ல வாய் வரவில்லை, அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்தார். பூநாரைக் குஞ்சு சாம்பல் கலந்த கபிலமாக இருக்கும், இளஞ்சிவப்பு வர வருடங்கள் எடுக்கும்.

காசு கொடுக்கும் முன் கேட்கவேண்டியது: தொலைநோக்கி அவர் கொண்டுவருகிறாரா, எத்தனை பேருக்கு ஒன்று? டீசலும் சாப்பாடும் சேர்த்தா? வழியில் கழிவறை எங்கே? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்கிறவர் பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிப்போய்ப் பழகியவர். தடுமாறுகிறவரோடு போகாதீர்கள்.

டிசம்பர் 15

ட்ரோன் பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம். பூநாரை கொக்கு மாதிரி நின்ற இடத்தில் எழும்பிப் பறக்கிற பறவை இல்லை, தண்ணீரில் நெடுந்தூரம் ஓடித்தான் மேலெழும். அடிக்கடி கலைத்தால் தின்றதில் ஒரு பங்கு அந்த ஓட்டத்தில் போய்விடும். உங்கள் காணொளியில் இளஞ்சிவப்பு மேகம் மாதிரி எழும்புவது பயத்தில் ஓடுகிற கூட்டம்.

அது நின்று சாப்பிடுவதைப் பார்ப்பதுதான் அழகு. கழுத்தை வளைத்துத் தலையை முழுதாகக் கவிழ்க்கும், மேல்சொண்டு கீழே போகும். கால்களால் அந்த இடத்திலேயே மிதித்துச் சுரியைக் கலக்கும். நாக்கு பம்பி மாதிரி தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ள, சொண்டின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகடுகளில் சின்ன இறால் வகையும் பாசியும் தங்கிவிடும். நிறமும் அதிலிருந்துதான் வருகிறது. எங்கள் ஊரில் குஞ்சு பொரிப்பதில்லை, கச்சு வளைகுடாப் பக்கத்துப் பெரிய ரண் உப்புவெளிதான் அதற்குப் பெயர்போன இடம்.

டிசம்பர் 22

உடுப்பு: வெள்ளைச் சேர்ட்டும் சிவப்புத் தொப்பியும் வேண்டாம், மற்றபடி எது போட்டாலும் சரி. செருப்போடு சுரிக்குள் இறங்கினால் கால் வரும், செருப்பு வராது.

மத்தியானம் ஒடியல் கூழ் விருந்து என்று சொல்லும் பயணத்தில் மற்றவர்கள் நித்திரையாகிவிட, பின்னேரப் பறவைகளை வழிகாட்டி மட்டும்தான் பார்ப்பார்.

2025 ஜனவரி 3

இதுவரை பெரிய பறவைகளைப் பற்றியே எழுதிவிட்டோம். எனக்கு இந்தக் கரையில் மிகப் பிடித்தது ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற சின்ன உப்புக்கொத்தி. மாரிக்கு வந்தவை எல்லாம் சித்திரையில் போய்விடும், இது போகாது. தரவையிலும் உப்பு வெளியிலும் வருடம் முழுக்க இருந்து இங்கேயே முட்டையிடும். இதைக் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஓர் உள்ளினமாகத்தான் நீண்டகாலம் வைத்திருந்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் மரபணுவையும் உடல் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்து இது தனி இனம் என்று 2023இல் காட்டினார்கள். இராமர் அணைக்கு இரு பக்கமும் வாழ்கிற குருவி என்பதால் அனுமான் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும்தான் இருக்கிறது.

கூடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மண்ணில் கையால் தடவிய அளவு பள்ளம், நாலு சிப்பித் துண்டு, அதற்குள் மணல் நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டை. ஒருநாள் செம்மணிப் பக்கத்து வெளியில் வழிகாட்டி அண்ணை கையை நீட்டி எங்களை அப்படியே நிற்கச் சொன்னார். அவர் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தேன், வெறும் நிலம்தான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகு ஒரு கல் முட்டையானது. அவர் அடுத்துச் சொன்னது, "பின்னால ஒரு அடி வையுங்கோ, வந்த தடத்திலேயே." தாய்க்குருவி சிறகு முறிந்தது போலத் தரையில் இழுத்து இழுத்து நடந்து எங்களை வேறு பக்கம் கூட்டிப்போகப் பார்த்தது.

இப்படியான வெளிகளில்தான் ஹையேஸ் வானைக் கொண்டுபோய் வட்டமடிக்கிறார்கள். பெடியள் கிரிக்கெட் விளையாடுவது பரவாயில்லை, ஒரே இடத்தில் விளையாடுவார்கள், குருவிக்கு அது பழகிவிடும். வாகனத் தடம்தான் முட்டையை முடிக்கிறது. நீங்கள் பதிவு செய்யும் பயணத்தில் வான் தரவைக்குள் இறங்குமா என்று கேளுங்கள். இறங்கும் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஜனவரி 4

"உள்ளான் இறைச்சி எங்கே கிடைக்கும்" என்று ஒருவர் இந்த இழையில் வந்து கேட்டிருக்கிறார். சிரிப்புக் குறி போட்டிருந்தாலும் பதில் சொல்கிறேன். வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. காகம் மாதிரி ஒரு சிலவற்றைத் தவிரக் காட்டுப் பறவை எல்லாம் அதற்குள் அடங்கும். எங்கள் அப்புமார் காலத்தில் கண்ணி வைத்துப் பிடித்தார்கள், ரசம் வைத்தார்கள், நானும் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன்தான். இப்போது கண்ணி கண்டால் வழிகாட்டி அண்ணை அறுத்துவிட்டு வருவார். வைத்தவர் யாரென்று அவருக்குத் தெரியும், வைத்தவருக்கும் அறுத்தவர் யாரென்று தெரியும். கோயில் வீதியில் இருவரும் முகம் பார்த்துக் கதைப்பார்கள், இந்தக் கதையைத் தவிர.

ஜனவரி 12

கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பறவை ஆட்கள் வந்தால் எங்களுக்கு விளங்காத ஒன்றைச் செய்வார்கள். பூநாரைக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மின்கம்பியில் நிற்கும் இரட்டைவால் குருவியைப் படமெடுப்பார்கள். கரிச்சான் என்று நீங்கள் சொல்கிற அதே குருவி. எங்கள் மாட்டு முதுகில் தினமும் நிற்பது. அவர்கள் செய்வதில் நியாயம் இருக்கிறது. இலங்கையில் அது வடக்கு, வடமேற்கு வரண்ட கரையோரத்தை ஒட்டித்தான் வாழ்கிறது, காலியிலோ கண்டியிலோ கிடைக்காது. கௌதாரியும் அப்படித்தான். கழுத்தில் கறுப்பு வளையம் போட்ட வெளிர்ப்புறா, நீள்வால் கீச்சான், இவையும் மன்னார், யாழ்ப்பாணம் என்று தேடித்தான் வருவார்கள். தெற்கில் உள்ளவனுக்கு நாங்கள் அலட்சியம் பண்ணுகிற வேலிக் குருவிதான் பயணத்தின் நோக்கம்.

அக்காவின் மகனுக்கு இதைச் சொல்லிவையுங்கள். வந்து இறங்கிய அடுத்தநாள் நேரம் மாறி விடிய நாலு மணிக்கே முழித்துக்கொண்டு கிடப்பான். முற்றத்தில் கதிரையைப் போட்டு இருத்திவிடுங்கள். பனை உழவாரன், செம்பகம், வால் நீண்ட கொண்டைக்காரன், பனங்காடை என்று விடிந்த உடனே வேலை தொடங்கிவிடும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசை இதற்குச் செலவழிக்கத் தேவையில்லை.

ஜனவரி 19

அக்கா போய்வந்து எழுதியிருக்கிறீர்கள், சந்தோசம். பூநாரை மிகத் தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு மாதிரித்தான் தெரிந்தது, மச்சான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், மகன் மட்டும் கவலைப்படவில்லை. நீங்கள் எழுதியதில் எனக்குப் பிடித்தது, அவன் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பாலத்தடியில் வீச்சுவலை போடும் ஐயாவோடு போய் நின்றதும், அந்த ஐயா வலையில் வந்த சின்ன மீனைக் கொக்குக்கு எறியச் சொல்லிக் கொடுத்ததும். எந்தப் பயணத் திட்டத்திலும் அது இராது. பகல் மூன்று மணித்தியாலம் பிள்ளைகளுக்கு வீண் என்று நீங்கள் சொன்னது சரி. நவம்பர் 17 குறிப்பில் நான் எழுதிய முழுநாள் பெரியவர்களுக்கு. பிள்ளைகளோடு என்றால் காலை ஒன்று, வேறு ஒருநாள் பின்னேரம் ஒன்று என்று பிரித்துக் கேளுங்கள். அநேகர் ஒத்துக்கொள்வார்கள்.

அவன் கேட்ட கேள்வி: "இதெல்லாம் எங்கேயிருந்து வருது?" மத்திய ஆசிய வலசைப் பாதை என்று ஒன்று இருக்கிறது, அதன் தெற்கு முனை இலங்கை. இதற்குத் தெற்கே போனால் அந்தாட்டிக்கா வரை கடல்தான். பாலத்தில் அவன் பார்த்த கடற்காகம் திபெத், லடாக் பக்கத்து உயர்ந்த ஏரிகளில் குஞ்சு பொரிப்பது. கூட்டமாக ஓடித்திரிந்த, சொண்டு வளைந்த சின்ன உள்ளான் சைபீரியாவின் வடக்குக் கரையில் பொரிப்பது. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழகத்தார் வேறு வகைப் பெரிய கடற்காகத்தின் முதுகில் செய்மதிக் கருவி கட்டிவிட்டார்கள். 2021இல் அப்படிக் கட்டிய ஒன்று இந்தியாவைக் குறுக்கறுத்து ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையில் யமால் தீபகற்பம் வரை போய், மாரிக்குத் திரும்பி மன்னாருக்கே வந்தது. அவனுடைய கனடாவில் பனிகொட்டும்போது இங்கே வெயிலுக்கு வருகிறவர்கள் நீங்கள் மட்டும் இல்லை என்று சொல்லுங்கள்.

பிப்ரவரி 16

இழை எங்கோ போய்விட்டது, அணைக்கட்டிலும் காற்றாலையிலும் நிற்கிறீர்கள். சரி, நானும் சொல்கிறேன்.

"யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டத்தைப் பற்றி அச்சுவேலி அண்ணை எழுதியது எல்லாம் சரிதான். பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் போட்ட திட்டம், ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வழியாகக் கால்வாய் வெட்டி வடமராட்சி நீரேரிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவருவது. கிணறு உப்பாகிக்கொண்டு போகும் ஊரில் நன்னீர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நீரேரி முழுக்க நன்னீர்த் தேக்கமானால் மாரி முடிந்து தண்ணீர் வற்றுகிற காலத்தில் வெளிக்கும் சேறு இல்லாமல் போகும். தாரா கூடும், உள்ளான் குறையும், பூநாரை வேறு இடம் பார்க்கும். இறால் பிடிக்கிறவனும் வேறு இடம் பார்க்கவேண்டும், அவனுக்குச் சிறகு இல்லை. பறவைக்காக என்று சொன்னால் கூட்டத்தில் சிரிப்பார்கள், இறாலுக்காக என்று சொன்னால் காது கொடுப்பார்கள். நான் இரண்டையும் ஒரே கணக்காகத்தான் பார்க்கிறேன்.

காற்றாலை பற்றி: மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாடிகளோடு தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரிலிருந்து ஓடுகிறது. மன்னார், பூநகரித் திட்டங்களிலிருந்து அதானி நிறுவனம் இந்த மாதம் விலகிவிட்டது. விலைப் பேச்சில்தான் அது முறிந்தது. "பறவை வென்றுவிட்டது" என்று இங்கே பட்டாசு கொளுத்தியவர்கள் கொஞ்சம் பொறுங்கள், காற்று அங்கேயே அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, இன்னொருவர் வருவார். காற்றாடி வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதை விட எந்தக் கரையில் என்று கேட்பதுதான் எனக்குப் படுகிறது. மன்னார்ப் பக்கத்து வங்காலை 2008இல் சரணாலயமாகி 2010இல் ராம்சார் என்கிற உலக முக்கிய ஈரநிலங்களின் பட்டியலில் ஏறிய இடம். அதற்குப் பக்கத்தில் வைப்பதும் மனித நடமாட்டமுள்ள பற்றைக்காட்டில் வைப்பதும் ஒன்றில்லை.

பிப்ரவரி 23

எந்த மாதம்வரை வரலாம் என்று லண்டனிலிருந்து கேட்ட தம்பிக்கு. பங்குனி நடுப்பகுதிவரை வரலாம். அதற்குப் பிறகு கூட்டம் மெலியும், ஆனால் போகும் முன் சில உள்ளான்களுக்குக் கலியாண உடுப்பு வந்துவிடும், மூக்கனின் கழுத்து செங்கல் நிறமாகும், அதைப் பார்க்க அந்தக் காலம்தான் நல்லது. வெயில் கடுமை, ஆகவே காலை மட்டும்.

சுண்டிக்குளத்துக்கு மருதங்கேணி, கட்டைக்காடு வழியாகப் போனால் கரையோர வீதி. 1938இலேயே சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். கடை எதிர்பார்க்க வேண்டாம், தண்ணீரும் சாப்பாட்டுப் பார்சலும் கொண்டுபோங்கள். பூங்காவுக்குள் போக அனுமதி பற்றிப் பயணம் ஒழுங்கு செய்கிறவரிடமே முதல்நாள் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பிக் கொழும்புக்குப் போகிறவர் என்றால் ஏ9 வீதியால் போகாமல் சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி, மன்னார் வழியாகப் போங்கள். வங்காலையில் இரண்டு மணித்தியாலம் நிற்கலாம். கடற்பக்கத்தில் கறுப்பு வெள்ளையில், தடித்த கறுப்புச் சொண்டோடு நண்டு தின்னிகள் நின்றால் கிட்டப் போகவேண்டாம். உள்ளான் சாதியில் மணலில் வளை தோண்டி முட்டையிடுவது அது ஒன்றுதான். பயணப் பையை வானின் பின்சீற்றில் வையுங்கள், தொலைநோக்கி மடியில் இருக்கட்டும்.